யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்கு: வீட்டுப் படலையிலிருந்து பணியிடம் வரை

வெளிநாட்டில் வேலை கிடைத்து முதன்முறையாக நெடுந்தூர விமானத்தில் ஏறப்போகும் ஒருவர், விமானச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள புறப்படும் நேரத்தையே தமது பயணத்தின் தொடக்கமாக எண்ணிக்கொள்வது வழக்கம். கொழும்பில் வசிப்பவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். யாழ்ப்பாணத்தில் இருந்து செல்பவருக்குப் பொருந்தாது. கட்டுநாயக்கவுக்குத் தரைவழியாக 350 கிலோமீற்றருக்கும் மேல் போக வேண்டும். இந்தத் தரைவழிப் பயணத்திலேயே உறக்கத்தையும் பலத்தையும் இழந்துவிட்டு விமானத்தில் ஏறுபவர்கள்தாம் வேலையின் முதல் வாரத்தில் தடுமாறுகிறார்கள். ஆகவே வேலையில் சேரவேண்டிய நாளை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

நாட்கணக்கும் நள்ளிரவு மயக்கமும்

கட்டுநாயக்கவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் கிளம்புகின்றன. சீட்டில் 12 ஆம் திகதி 03.00 மணி என்றிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 11 ஆம் திகதி இரவு 11 மணிக்கு. இதை வாசிக்கும்போது எளிதாகத்தான் தோன்றும். ஆயினும் 12 ஆம் திகதி பின்னேரம் வீட்டில் பொதி கட்டிக்கொண்டிருந்து, விமானம் அன்று அதிகாலையே போய்விட்டதை அறிந்து திகைத்தவர்கள் எங்கள் உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள். நாட்காட்டியில் 12 இல் வட்டமிடாமல் 11 இல் வட்டமிட்டு, வீட்டாரிடமும் வான் சாரதியிடமும் "11 ஆம் திகதி இரவு" என்றே சொல்லுங்கள்.

இப்போது ஓர் உதாரணத்தை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 11 ஆம் திகதி காலை 5 மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறீர்கள். 12 ஆம் திகதி 03.00 மணிக்கு விமானம். துபாய்க்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம். அங்கே 3 மணி நேர இடைத்தங்கல். அங்கிருந்து டொரன்டோவுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். நீங்கள் டொரன்டோவில் இறங்கும்போது குளிர்காலமாயின் அங்கே 12 ஆம் திகதி பிற்பகல் 2 மணி, கோடையாயின் 3 மணி. ஆனால் யாழ்ப்பாண நேரப்படி பழகிய உங்கள் உடம்புக்கு அது 13 ஆம் திகதி நள்ளிரவு தாண்டி அரை மணி. படலையைத் திறந்து வெளியே வந்து 43 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. இந்த நிலையில் மறுநாள் காலை வேலைக்குப் போவதென்பது உங்களுக்கும் நல்லதல்ல, உங்களை வேலைக்கு எடுத்தவருக்கும் நல்லதல்ல. டொரன்டோ போன்ற தொலைவிடமாயின் வேலை நாளுக்கு 5 நாட்களாவது முன்னதாக இறங்கும்படியும், இலண்டனாயின் 3 நாட்கள் முன்னதாகவும் சீட்டை எடுங்கள். வளைகுடா நாடுகளுடன் எமக்குள்ள நேர வேறுபாடு சிறியது: துபாய் ஒன்றரை மணி, டோஹா இரண்டரை மணி பின்தங்கியவை. அங்கே ஒரு நாள் ஓய்வு போதும்.

கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்கள் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்த விதி. கனடாவுக்கு வேலைக்குச் செல்பவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்நாட்டின் வேலை அனுமதிப்பத்திரம் உங்கள் கடவுச்சீட்டு முடிவடையும் நாளுக்கு அப்பால் செல்லாது. இரண்டு வருட வேலைக்குப் போகும் ஒருவரின் கடவுச்சீட்டில் 10 மாதங்களே மீதியிருந்தால், அனுமதியும் 10 மாதங்களுக்கே கிடைக்கும். எனவே விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது.

வேலைக்காகச் செல்லும் இலங்கையர் புறப்படும் முன்னர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்தப் பணியகத்தின் பதிவு, விமான நிலையத்தில் கேட்கப்படும் ஒரு சம்பிரதாயம் மட்டுமல்ல. பதிவு செய்தவருக்குக் காப்புறுதியும், வெளிநாட்டில் சிக்கல் நேரும்போது முறையிட ஓர் இடமும் கிடைக்கின்றன. முகவர் ஊடாகச் செல்பவர்கள், அவருடைய அனுமதிப்பத்திரம் அன்றைக்கும் செல்லுபடியாக இருக்கின்றதா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தாங்களே கேட்டறிய வேண்டும். "அங்கே போய் இறங்கியதும் வேலை விசாவாக மாற்றித் தருவோம்" என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிட முனைபவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும், அந்தப் பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படுமாயின், தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெற்று, பின்னர் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அதற்கான பிராந்திய அலுவலகம் இயங்குவதால், இந்த அலுவலுக்காகக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கும் தேவை இப்போது இல்லை. பெயரின் எழுத்துகள் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதை ஆறுதலாக ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பனார் பெயரை முன்னால் எழுதும் எங்கள் வழக்கத்தால், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வேலை ஒப்பந்தத்தில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிடுவதுண்டு. விமானச்சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

இந்தப் பத்திரங்கள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். எனது முதற் பயணத்தில் வேலை ஒப்பந்தத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய சூட்கேசின் அடியில், சேட்டுகளுக்குக் கீழே வைத்திருந்தேன். இடைத்தங்கல் விமான நிலையத்தின் வாயிலில் ஓர் உத்தியோகத்தர் அதைக் கேட்டபோது சூட்கேஸ் எங்கேயோ விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தது; கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதில் சார்ஜ் இல்லை. வரிசையில் இருந்து விலக்கி நிறுத்தப்பட்டு, கடைசி ஆளாக ஏறினேன். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் மூலப்பிரதி, சட்டைப்பைக்குள் மடித்து வைக்கக்கூடிய ஒரு நிழற்பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி, வீட்டில் அம்மாவிடம் ஒரு பிரதி என்று நான்காக வைத்திருப்பது மிகையல்ல.

பொதி கட்டுதல்

முதலில் சீட்டில் உள்ள பொதி அளவை வாசியுங்கள். வட அமெரிக்காவுக்குச் செல்லும் சீட்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ கொண்ட பொதிகள் என்று எண்ணிக்கைக் கணக்கு இருக்கும். வேறு பல தடங்களில் மொத்த நிறைக்கணக்கு இருக்கும். எண்ணிக்கைக் கணக்கில் ஒரு பெட்டி 27 கிலோவும் மற்றது 19 கிலோவும் இருந்தால், கூட்டினால் 46 தானே என்று வாதாட முடியாது. பல விமான நிலையங்களில் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியை ஏற்கவே மாட்டார்கள். ஒரு தொங்கு தராசு வாங்கி, வீட்டு விறாந்தையிலேயே தூக்கி நிறுத்துப் பாருங்கள்.

நிறையைக் கூட்டுவது பெரும்பாலும் உங்கள் உடுப்பு அல்ல. முதலில் வருவது மிளகாய்த்தூள். வறுத்து இடித்த தூள் எவ்வளவு இறுகக் கட்டினாலும் எண்ணெய்ப் பசையோடு மணத்தைக் கசியவிடும் என்பதால், அதைச் சூடாறிய பின்னர் கனமான பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, இரண்டாவது பைக்குள் தலைகீழாக வைத்து, பிளாஸ்டிக் போத்தலுக்குள் இறக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்ற வேண்டும். தகரப் பேணி வேண்டாம். பெட்டி எறியப்படும்போது அதன் மூடி நெளிந்து திறந்துகொள்ளும். புழுக்கொடியல், ஒடியல் மா, மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம் போன்ற உலர் பொருட்கள் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை, ஆயினும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கொண்டுவந்த உணவு அனைத்தையும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை எடுத்துவிட்டாலும் நட்டம் அந்தப் பொருளோடு போய்விடும். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டப்பணம் கட்ட நேரும். நெய், பால்மா, இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றை எந்த நாட்டுக்கானாலும் வைக்காமல் விடுங்கள்.

வளைகுடாவுக்குச் செல்பவர்கள் கசகசா விடயத்தில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாங்கள் சர்பத்துக்குள் போடும் கசகசா ஒருவகைத் துளசி விதை. ஆனால் அதே பெயரால் தமிழ்நாட்டில் அழைக்கப்படுவது அபினிச் செடியின் விதை, அது ஐக்கிய அரபு இராச்சியம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் போதைப்பொருட் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. சுங்க அதிகாரியிடம் தாவரவியல் விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம், இரண்டையும் கொண்டுபோகாதீர்கள். கோடீன், ட்ரமடோல் அடங்கிய வலி மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நாளாந்தம் மருந்து எடுப்பவர், மருந்தை அதன் மூலப் பெட்டியிலேயே, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த துண்டோடு கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

பவர் பாங்க் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். அளவு 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதிக்கப்படும். மில்லி அம்பியர் மணி எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும்: 20,000 என்று எழுதியிருப்பது 74 வாட் மணி, ஆகவே பிரச்சினையில்லை. எமிரேட்ஸ் போன்ற சில சேவைகள் 2025 ஒக்டோபர் முதல் அதை விமானத்துக்குள் பயன்படுத்துவதையே தடை செய்துள்ளன. எனவே தொலைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள். கைப்பையில் திரவங்கள் தலா 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களில், எல்லாமாக ஒரு லீற்றர் கொள்ளும் ஒளிபுகு பையில் இருக்க வேண்டும். நல்லெண்ணெயும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் திரவங்களே.

இன்னொன்று சொல்லாமல் விடமுடியாது. நீங்கள் புறப்படும் செய்தி ஊருக்குள் பரவியதும், ஒரு மாமி கையில் பாசலோடு படலையடியில் நிற்பார். "தம்பி, இது ஒரு சின்னப் பாசல்தான், என்ர பெறாமகளிட்டக் குடுத்துவிடு மோனை. அவள் வந்து எடுப்பாள்." மறுப்பது கடினம், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரை விறாந்தையில் இருத்தி, பாசலை அவர் முன்னாலேயே பிரித்து, "மாமி, திறந்து பார்க்காமல் ஏற்ற விடமாட்டினம்" என்று சொல்லி உள்ளதைப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள். ஒட்டிய பாசலை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

கட்டுநாயக்கவுக்குப் போகும் வழி

ஏ-9 வீதியில் வவுனியா, மதவாச்சி வரை சென்று, அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கவை அடைந்தால் கொழும்பு நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. வானில் 7 முதல் 8 மணி நேரம் வரை பிடிக்கும். முறிகண்டியில் தேங்காய் உடைக்கும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து 9 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரவுப் பேருந்தில் செல்பவர்கள் அது புத்தளம் வழியாகப் போகின்றதா என்று ஆசனம் பதியும்போதே கேட்டறிந்து, நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ இறங்கிக்கொள்ளலாம். புகையிரதம் வசதியானதுதான், ஆனால் கொழும்புக் கோட்டையில் இறங்கிப் பெட்டிகளோடு 30 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வர வேண்டும். யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து, அங்கிருந்து சென்னை வழியாகப் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால் சென்னையில் இந்தியாவுக்குள் நுழைந்து பொதியை எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் வேலைப் பயணத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

எனது பரிந்துரை, விமானம் இரவிலானாலும் அதிகாலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு, பிற்பகல் 2 மணியளவில் நீர்கொழும்பில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்து, குளித்து, 5 மணி நேரமாவது உறங்குவதாகும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழைக் காலமாதலால் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது பாதைகள் வெள்ளத்தில் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. வழியனுப்ப இரண்டு பேர் வந்தால் போதும். பன்னிரண்டு பேர் ஏறிய வானில் எல்லோரும் உறங்க, உறங்க வேண்டிய ஒருவர் மட்டும் நடு ஆசனத்தில் விழித்திருப்பதையே நான் பல தடவை கண்டிருக்கிறேன். நல்லூரில் அர்ச்சனையும் உறவினருக்கான விருந்தும் இரண்டு நாள் முன்னதாக முடியட்டும். புறப்படும் நேரத்தில் இராகுகாலம் குறுக்கிட்டால், நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடும் பழைய வழி இருக்கவே இருக்கிறது. அதற்காகப் பயண நேரத்தை மாற்ற வேண்டாம்.

விமான நிலையத்திலும் விமானத்திலும்

பொதியைக் கொடுக்கும் கருமபீடம் பொதுவாக 3 மணி நேரம் முன்னர் திறந்து, ஒரு மணி நேரம் முன்னர் மூடப்படும். பொதியில் ஒட்டும் பட்டியில் உள்ள மூன்றெழுத்துக் குறியீடு உங்கள் இறுதி இடத்தினுடையதா என்பதைக் கவனியுங்கள்: டொரன்டோ செல்பவரின் பட்டியில் துபாயின் டி.எக்ஸ்.பி மட்டும் இருந்தால், அந்த இடத்திலேயே கேட்க வேண்டும், ஒய்.ஒய்.இஸட் என்றும் இருந்தால் சரி. தரும் சிறு துண்டைக் கடவுச்சீட்டின் பின்னட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விமானத்துக்கான அனுமதிச்சீட்டும் இங்கேயே கிடைக்கின்றதா என்று கேளுங்கள்.

மரக்கறிச் சாப்பாடு வேண்டுமாயின் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் பதிவு செய்ய வேண்டும். விமானத்துக்குள் ஏறிய பின் கேட்டால், மிஞ்சியிருப்பதுதான் கிடைக்கும்.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகின்றது; ஈரப்பதனும் 20 வீதத்துக்குக் கீழே போய்விடும். வியர்வையில் ஊறிப் பழகிய எங்கள் உடம்புக்கு உதடும் மூக்கும் காய்ந்துபோவது முதலில் விளங்காது, ஏதோ காய்ச்சல் தொடங்குகிறது என்றே தோன்றும். தண்ணீர் கேட்டால் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியபின் நிரப்பிக்கொள்ள ஒரு வெற்றுப் போத்தலைக் கொண்டுபோவது இன்னும் நல்லது. விமானம் இறங்கத் தொடங்கும்போது காதடைக்கும். ஒரு டொபியைச் சூப்பி அடிக்கடி விழுங்கினால் திறந்துவிடும். தடிமனோடு இருப்பவர்களுக்கு வலி கூடும் என்பதால், அவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

14 மணி நேரம் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கம் வரை நடந்து வாருங்கள். இருக்கையில் இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும், தையல் இயந்திரத்தை மிதிப்பது போல, அசைத்துக்கொண்டிருங்கள். இதற்காகவே நடைபாதையோர ஆசனம் யன்னலோரத்தைவிடச் சிறந்தது. முதற்பயணத்தில் யன்னல் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதை நாலரை மணி நேர முதற் கட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஏறியதும் கைக்கடிகாரத்தைச் சேருமிட நேரத்துக்கு மாற்றி, அந்த நேரப்படி அங்கே இரவாக இருக்கும்போது உறங்க முயலுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில், துபாயிலிருந்து கிளம்பும்போது குளிர்கால டொரன்டோவில் நள்ளிரவு. எனவே இரண்டாவது விமானத்தின் முதற் பாதி உறக்கத்துக்கு உரியது. திரைப்படங்களைப் பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பின்

கனடாவில் வேலை அனுமதிப்பத்திரம் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே அச்சிட்டுத் தரப்படுகின்றது. கொழும்பில் கிடைத்த கடிதம் அனுமதிப்பத்திரம் அல்ல. பத்திரம் கையில் கிடைத்ததும் கருமபீடத்தை விட்டு நகராமல் பெயர், பிறந்த திகதி, முதலாளியின் பெயர், முடிவுத் திகதி ஆகியவற்றை வாசியுங்கள். பிழையைத் திருத்த அந்த நிமிடத்தைவிட எளிதான நேரம் பிறகு வராது. கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாக, ஒப்பந்தத்தில் உள்ளபடி பதில் சொல்லுங்கள். அடுத்த நாட்களில் சமூகக் காப்புறுதி எண்ணைப் பெற வேண்டும். அது இலவசம், தற்காலிகமாக வந்தவர்களுக்கு 9 இல் தொடங்கும். இங்கிலாந்துக்குச் செல்பவர்களுக்கு இப்போது வதிவிட அனுமதி அட்டை இல்லை, மின் விசாதான். அதற்கான இணையக் கணக்கில் நுழைய முடிகின்றதா என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கட்டாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் முதலாளி தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பது சட்டத்துக்கு முரணானது. பதிவு அலுவலுக்காகக் கொடுத்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வராவிட்டால் அழுதுகொண்டு வெளியே வந்துவிடாமல், சுங்கப் பகுதிக்குள்ளேயே உள்ள பொதிக் கருமபீடத்தில் முறைப்பாட்டு இலக்கம் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் உடுப்பைக் கைப்பையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வங்கியின் ஒருமுறைக் கடவுக்குறியீடுகள் (ஓ.டி.பி) உங்கள் இலங்கை இலக்கத்துக்கே வரும் என்பதால், அந்த சிம்மில் ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள்; பலர் இதை மறந்து முதல் வாரமே பணம் எடுக்க வழியின்றி நிற்கிறார்கள்.

இறங்கிய அன்று எவ்வளவு கண்ணைச் சுழற்றினாலும் அங்கத்தைய இரவு 8 மணி வரை விழித்திருங்கள், வெளியே வெளிச்சத்தில் நடவுங்கள். உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாட்டையே சரிசெய்துகொள்ளும் என்பதால், சில நாட்களுக்கு விடிய 3 மணிக்கே விழிப்பு வரும். அது நோயல்ல. வேலைக்கு முதல் நாள், மறுநாள் போக வேண்டிய அதே நேரத்தில், அதே பேருந்தில் பணியிட வாசல் வரை ஒருமுறை போய்த் திரும்புங்கள். வீட்டாரோடு பேசும் நேரத்தையும் முன்பே ஒழுங்கு செய்து வையுங்கள்: குளிர்காலத்தில் டொரன்டோவின் இரவு 8 மணி யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30, அம்மா முற்றம் கூட்டி முடித்துத் தேத்தண்ணீர் வைக்கும் நேரம்.